பலகை மேல ஏறி நின்னுக்கோ!

சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சமையலறையில் மரப் பலகை ஒன்று கிடக்கிறதா? உட்கார்ந்து சாப்பிடுகிற மணையைச் சொல்லவில்லை. கிரைண்டருக்கு முன்னாலோ, துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னாலோ போட்டுவைத்து, "தொடறதுக்கு முன்னாடி இது மேல ஏறி நின்னுக்கோ" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பலகை. இருந்தால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் அது ஏழு வருஷம் கிடந்தது. போட்டது நானேதான்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. தீபத்துக்கு இங்கே ஒவ்வொரு வீடும் சத்திரமாகிவிடும். சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சிநேகிதர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பாய் போட இடமிருக்காது. 2019 டிசம்பரில் மகா தீபத்துக்கு முதல் நாள், எங்கள் வீட்டில் இருபத்திரண்டு பேர். மறுநாள் கிரிவலம் போய்விட்டு வருகிறவர்களுக்கு இட்லிக்கு அரைக்க வேண்டும். கார்த்திகை மாதத்து மழை. பின்கட்டுத் தரை முழுக்க ஈரம்.

என் தங்கை மகள் வேலூரிலிருந்து வந்திருந்தாள். ஒன்றரை வயசுக் குழந்தைக்காரி. "பெரியம்மா, நீங்க உட்காருங்க, நான் அள்ளிடறேன்" என்று பின்கட்டுக்குப் போனாள். நான் கூடத்தில் யாருக்கோ காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பலகையைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் அதை யாரோ எடுத்துப் பாத்திரம் கவிழ்க்கப் போட்டிருந்தார்கள்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு படிந்த ஈரக் கையோடு பாத்திர விளிம்பைப் பிடித்திருக்கிறாள். சத்தம்கூட வரவில்லை. கையை எடுக்க முடியவில்லை. வாயைத் திறக்கவும் முடியவில்லை. அம்மாவைப் பார்த்துக் குழந்தை தவழ்ந்து போய்க்கொண்டிருக்கிறது. அம்மா காலைத் தொட இன்னும் இரண்டு முழம்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாளே, அவளுக்கு நான் என்ன செய்தாலும் தகும். அவள் ஓடிப்போய் இவளைப் பிடித்து இழுக்கவில்லை. சுவரிலிருந்த சுவிட்சைத்தான் தட்டினாள். "எனக்குத்தான் தெரியுமே அக்கா, அது கடிக்கிற மெஷினு!" என்றாள் பிறகு.

பெண் சரிந்து விழுந்தாள். நினைவு இருந்தது. உள்ளங்கையில் இரண்டு வெள்ளைத் தடம். "ஒண்ணுமில்ல பெரியம்மா, சரியாயிடுச்சு" என்றவளை விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். இ.ஸி.ஜி. எடுத்து, சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். பெரிய ஷாக் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் இதயத் துடிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கர்ப்பிணியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், கட்டாயம் போக வேண்டும்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் ஜோதி தெரிந்தபோது ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. எனக்குக் கை கூப்பக்கூடத் தெம்பில்லை.

தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு விட்டேன். ஒயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர், "ஏழு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே. கிரைண்டரை மாத்திட்டாப் போச்சு" என்றார். ஏழு வருஷமும் அதில் அரைத்தது அவரில்லை, பாருங்கள்! வீட்டில் கரண்ட் பில் கட்டுகிறவர் ஒருவர், ஷாக் வாங்குகிறவர் இன்னொருவர். அதனால்தான் இந்த விஷயம் எந்த வீட்டிலும் அவசரமாகப் படுவதில்லை.

பெரியவர் கிரைண்டரைப் பார்க்கவே இல்லை. நேரே பிளக் பாயிண்டுக்குப் போனார். சுவரிலிருந்த சாக்கெட்டைக் கழற்றி என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா. மூணு ஓட்டை இருக்கு. ஒயர் எத்தனை வருது?" இரண்டுதான் வந்தது. மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் பித்தளைக் குழாய். அதில் ஒரு சிலந்தி வலை.

அந்தப் பெரிய ஓட்டைதான் எர்த். மூன்று கால் பிளக்கில் ஒரு கால் மட்டும் ஏன் தடியாகவும் நீளமாகவும் இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததே இல்லை. அவர் சொன்னபிறகுதான் புரிந்தது. நீளமாக இருப்பதால் பிளக்கைச் செருகும்போது அதுதான் முதலில் போய்த் தொடும், பிடுங்கும்போது கடைசியாக விடும். அதாவது சாமானுக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே அதன் உடம்பு பூமியோடு சேர்ந்துவிடும். தடியாக இருப்பதால் தப்பான ஓட்டையில் நுழையாது. உள்ளே மோட்டாரில் ஈரம் இறங்கியோ, ஒயரின் தோல் உரிந்தோ கரண்ட் வெளி உடம்புக்கு வந்துவிட்டால், அது நம் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் ஒயர் வழியாகப் பூமிக்குப் போகும். நிறையக் கரண்ட் ஒரேயடியாகப் பாய்வதால் ஃபியூஸும் போகும். ஃபியூஸ் போனால் "சே, இப்பவா போகணும்" என்று அலுத்துக்கொள்கிறோம். அது நமக்குப் பதிலாகப் போனது!

எர்த் இல்லாத இடத்தில் கரண்ட் காத்திருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஒருத்தி வந்து தொடுகிறவரை.

இந்தப் பிளக்கின் அளவுகளையெல்லாம் யாரோ கடைக்காரர் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. இதற்கென்று தேசிய தரம் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 1293 என்று பெயர். முதலில் 1958-ல் வெளியிட்டார்கள். பிறகு பலமுறை திருத்தி, 2019-லும் திருத்தினார்கள். அதற்கு மூலம் வெள்ளைக்காரன் காலத்து உருண்டைக்கால் பிளக். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் 1947-ல் தங்கள் ஊருக்குச் சதுரக் கால் பிளக்கைத் தரமாக்கிக்கொண்டார்கள். அதற்கு உள்ளேயே ஒரு சின்ன ஃபியூஸ் உண்டு. நாம் சுதந்திரம் வாங்கிக்கொண்டு உருண்டைக்காலையே வைத்துக்கொண்டோம். இலங்கையில் இரண்டு மூன்று விதமும் கலந்து கிடந்து, சமீப வருஷங்களில்தான் அந்தச் சதுரக் காலையே பொதுவாக்கினார்கள். எது உசத்தி என்று சண்டை போட நான் வரவில்லை. நம்முடையதையும் ஒழுங்காகப் போட்டால் ஒரு குறையும் இல்லை.

நம் தரத்தில் வீட்டுக்கு இரண்டு அளவு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். முன்பு 5, 15 என்று இருந்தது. அதனால்தான் கடைகளில் இன்றும் 'ஃபைவ் ஆம்ஸ்', 'ஃபிஃப்டீன் ஆம்ஸ்' என்றே கேட்கிறார்கள். பெண்களுக்குக் கணக்கு வராது என்கிறவர்கள் மளிகைக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அதை ஆம்பியரால் பெருக்கினால் எத்தனை வாட்ஸ் தாங்கும் என்று தெரிந்துவிடும். சின்னப் பாயிண்ட் 1380 வாட்ஸ். பெரியது 3680. மிக்ஸி 500 அல்லது 750, இஸ்திரிப் பெட்டி 1000. இவற்றுக்குச் சின்னதே போதும். வெந்நீர் போடுகிற கீஸரும் இண்டக்ஷன் அடுப்பும் 2000 வாட்ஸ் வரை இழுக்கும். அவற்றைச் சின்னப் பாயிண்டில் மாட்டக்கூடாது. மாட்டினால் உடனே ஒன்றும் நடக்காது, அதுதான் ஆபத்து. மெல்ல மெல்லச் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, ஒருநாள் கருகல் வாசனை வரும். பிளக்கைப் பிடுங்கிக் காலைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அந்தப் பாயிண்டின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். பிடிப்பு தளர்ந்த சாக்கெட்டும் அப்படித்தான். உள்ளே 'சர் சர்' என்று பொறி பறக்கும்.

இதைச் சொல்லும்போது செங்கம் ரோட்டுப் பக்கம் இருக்கிற என் தோழி ஒருத்தி ஞாபகம் வருகிறாள். ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மாடியை வாடகைக்கு விடுகிறாள். அவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று எந்த நாட்டுப் பிளக்கும் நுழைகிற 'யுனிவர்சல்' சாக்கெட்டை வீடு முழுக்கப் போட்டாள். எல்லாம் நுழையும் சரி, எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமா? ஐரோப்பாப் பிளக்கின் கால் 4 மில்லிமீட்டரும் 4.8 மில்லிமீட்டருமாக இருக்கும். நம் சின்னப் பிளக்கின் கால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் சாக்கெட்டில் அது ஆடும். எர்த்தும் சேராது. "வந்தவங்க மனசு கோணக்கூடாதுன்னு பார்த்தேன்டி" என்றாள். ஒரு ஹீட்டர் ஒயர் கருகியபிறகு எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பின்கட்டில்தான் எர்த் இல்லை, முன்பக்கம் இருக்கிறதே என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டேன். பெரியவர் சிரித்தார். "எர்த் குழி எங்கம்மா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தேடினோம். மூன்று வருஷத்துக்கு முன் முற்றத்துக்கு டைல்ஸ் போட்டபோது அதன்மேல் சிமெண்ட் பூசி மூடிவிட்டார்கள்! உடைத்துப் பார்த்தால் உள்ளே மண் பொரிந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

எர்த் என்பது மந்திரமில்லை. பூமியில் இறக்கிய இரும்புக் குழாய். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, ஈரமாக இருந்தால்தான் அது கரண்டை மண்ணுக்குள் வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊர் அக்னி ஸ்தலம். மலையடிவாரப் பாறை வேறு. வெயில் காலத்தில் தரையில் கால் வைக்க முடியாது, எர்த் குழி என்ன செய்யும்? "இது பாறை பூமிம்மா. இங்க எட்டடி குழாய்னு சொல்லிட்டு மூணடியில பாறை தட்டினதும் மிச்சத்தை அறுத்துட்டுப் போயிடுவாங்க. யாரு பாக்கப் போறாங்க?" என்றார் பெரியவர். கடைசியில் துணி துவைக்கிற தண்ணீர் போகிற பக்கமாக, மண் ஆழமாக இருந்த இடத்தில், இரண்டு குழி தோண்டி இரண்டையும் சேர்த்துக் கட்டினார். மேலே திறக்கிற மூடி. கோடையில் வாரம் இரண்டு தடவை ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். துளசிச் செடிக்கு ஊற்றுகிற கையோடு அதற்கும் ஊற்றிவிடுகிறேன்.

காய்ந்த எர்த் குழி, எர்த்தே இல்லாததைவிட ஒரு விதத்தில் மோசம். வீட்டில் எல்லாச் சாமானின் எர்த் ஒயரும் ஒன்றோடொன்று சேர்ந்துதானே இருக்கிறது? கீஸரில் வந்த கோளாறு பூமிக்குப் போக வழியில்லாமல் அதே ஒயர் வழியாகக் கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வந்து நிற்கும். நீங்கள் ஃபிரிட்ஜைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பீர்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. எர்த் ஒயர் இல்லாத பாயிண்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் ஓட்டையில் கொடுத்து, "எர்த் கொடுத்தாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் சிலர். நம்பாதீர்கள். என்றாவது நியூட்ரல் அறுந்தால் சாமானின் உடம்பு முழுக்கக் கரண்ட்தான்.

எங்கள் கூடத்தில் ஒரு பாயிண்டில் சுவிட்ச் நியூட்ரல் ஒயரில் போட்டிருந்ததையும் அவர் கண்டுபிடித்தார். சுவிட்சை அணைத்தாலும் ஓட்டையில் டெஸ்டர் எரிந்தது. அந்தப் பாயிண்டில் அன்றைக்குக் கிரைண்டர் இருந்திருந்தால், பாத்திரம் துலக்குகிற அம்மா சுவிட்சைத் தட்டியும் பிரயோசனம் இருந்திருக்காது. இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால், எர்த் மேலே, கரண்ட் வருகிற ஃபேஸ் வலது கைப்பக்கம், நியூட்ரல் இடது கைப்பக்கம். டெஸ்டர் வலப்பக்கத்தில் மட்டும்தான் எரிய வேண்டும், அதுவும் சுவிட்ச் போட்டிருக்கும்போது மட்டும். புது வீட்டுக்குக் குடி போகும்போது பால் காய்ச்சுவதற்கு முன்னால் தெரிந்த ஒயர்மேனை வைத்து இதைப் பார்த்துவிடுங்கள்.

புது சாக்கெட் வாங்க நானே போனேன். தேரடித் தெருப் பக்கம் ஒரு கடை. பையன் எடுத்துப் போட்டதில் பளபளவென்று ஐ.எஸ்.ஐ. என்று போட்டிருந்தது. பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முத்திரைக்கு மேலே 'ஐ.எஸ். 1293' என்று தர எண் இருக்க வேண்டும். கீழே 'ஸி.எம். / எல்.' என்று தொடங்கி லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். இதில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நடுவில் மட்டும் முத்திரை!

"ஏம்பா, நம்பர் எங்கே?"

"எல்லாம் ஒரே மால்தாம்மா. இதுல நாப்பது ரூவா கம்மி."

"நாப்பது ரூவா நான் கொடுத்துக்கறேன், நம்பர் இருக்கறதை எடு."

உள்ளே போய் வேறு எடுத்து வந்தான். இருந்ததுதானே! பிளக், சாக்கெட்டை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். ஐ.எஸ்.ஐ. என்ற நிறுவனம் 1947-ல் தொடங்கியது. 1987-லிருந்து அதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்று பெயர் மாறிவிட்டது. முத்திரைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. மொபைலில் 'பி.ஐ.எஸ். கேர்' என்று அவர்களுடைய செயலி இருக்கிறது. லைசென்ஸ் எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கடையிலேயே நின்று என் மகன் தட்டிப் பார்த்தான். பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குழந்தை இருக்கிற வீட்டில் ஷட்டர் வைத்த சாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் வருகிற இரண்டு ஓட்டைக்கும் உள்ளே சின்னக் கதவு மாதிரி இருக்கும். நீளமான எர்த் கால் முதலில் நுழைந்து தள்ளினால்தான் கதவு திறக்கும். குழந்தை ஹேர்ப்பின்னை விட்டாலும் உள்ளே போகாது. எவ்வளவு அருமையான ஏற்பாடு! அதை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு கால் பிளக் நுழையவில்லையென்று எர்த் ஓட்டையில் பேனாவை விட்டு அழுத்திக்கொண்டு மற்றதைச் செருகுகிறோம். நான் எத்தனை தடவை செய்திருக்கிறேன்! ஒருநாள் என் பேரன் பென்ஸிலை எடுத்துக்கொண்டு அதே எர்த் ஓட்டையில் குத்திக்கொண்டிருந்தான். "பாட்டி மாதிரி" என்றான். அன்றைக்கு விட்டேன் அந்தப் பழக்கத்தை.

இரண்டு கால் பிளக் எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. மொபைல் சார்ஜர் மாதிரி சில சாமான்களில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு கொடுத்திருக்கிறார்கள், எர்த் தேவையில்லை என்று அர்த்தம். ஆனால் கம்பெனி மூன்று கால் கொடுத்த சாமானுக்கு நாம் இரண்டு கால் மாட்டக்கூடாது. தடிக்காலை அறுத்துவிட்டு உபயோகிக்கிற புண்ணியவதிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பெரியவர் மெயின் போர்டில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார். ஆர்.ஸி.ஸி.பி. என்கிறார்கள். பழைய ஆட்கள் இ.எல்.ஸி.பி. என்பார்கள். நான் அவரிடம், "ஃபியூஸ்தான் இருக்கே, இது எதுக்கு?" என்றேன். அவர் சொன்ன கணக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபியூஸும் எம்.ஸி.பி.யும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் தாண்டினால்தான் அசையும். மனுஷ உயிர் போக ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆக, நாம் போனபிறகும் ஃபியூஸ் அப்படியே இருக்கும்!

இந்தப் பெட்டி வேறு மாதிரி. மளிகைக்குக் கொடுத்தனுப்பின பணத்தையும் திரும்பி வந்த சில்லறையையும் எண்ணிப் பார்க்கிற மாமியார் மாதிரி. ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது ஒரு 7 வாட்ஸ் இரவு விளக்கு எரிகிற அளவு வழியில் எங்கேயோ ஒழுகினால், கண் இமைக்கிற நேரத்துக்குள் வீட்டையே அணைத்துவிடும். வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்றும் விற்கிறார்கள், அது ஆளைக் காப்பாற்ற அல்ல. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். நான் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், மறக்காது.

மாட்டின முதல் வாரம் அது தினமும் விழுந்தது. என் வீட்டுக்காரர், "சனியனைக் கழட்டிப் போடு" என்றார். நான் விடவில்லை. பெரியவர் ஒவ்வொரு சாமானாகப் பிடுங்கிப் பார்த்தார். கிரைண்டர் மோட்டாரோடு, மாடியில் இருந்த பழைய கீஸரும் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கீஸரில்தான் பேரனுக்குத் தினமும் வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் சேர்த்துச் செலவு எவ்வளவு என்றால், தீபத்துக்கு நாங்கள் எடுத்த புடவை வேட்டிக் கணக்கைவிடக் குறைவு. வாடகை வீட்டில் இருக்கிற சகோதரிகள், வீட்டுக்காரர் செய்து தரவில்லையென்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சுவருக்குள் கை வைக்க முடியாதுதான். ஆனால் மெயினில் இந்தப் பெட்டியை மட்டும் நம் செலவில் வைத்துவிட்டு, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். எர்த் சரியில்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். மாற்றுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களைத் தொடாதீர்கள். சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால் உலர்ந்த கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, எதனாலாவது தள்ளி விலக்குங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பு நடுவில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து இரண்டு அங்குலம் அமுங்குகிற மாதிரி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வருகிறவரை. சின்னக் குழந்தைக்கு ஒரு கை போதும். முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தை வீணாக்காதீர்கள். தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின் வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

போன இதழைப் படித்துவிட்டுப் போளூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "தீபத்துக்குப் பால்கனிக் கம்பியில் சீரியல் பல்பு சுற்றுவோம். மழையில் நனைந்தால் ஏதாவது ஆகுமா?" ஆகும், அம்மா. அந்த ஒயர் நூல் மாதிரி மெல்லியது. கம்பியில் உரசித் தோல் உரிந்தால் கம்பி முழுக்கக் கரண்ட் வரும், மழைக்காலத்தில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தேர் பார்க்கும். இரும்புக் கம்பியில் சுற்றாதீர்கள். பிளாஸ்டிக் கொக்கி மாட்டித் தொங்கவிடுங்கள். பிளக் இருக்கும் இடம் நனையக்கூடாது. வெளியே நனைய வேண்டியிருந்தால், வெளி உபயோகத்துக்கென்றே தனியாக விற்பதை வாங்குங்கள். ராத்திரி படுக்கும்போது அணைத்துவிடுங்கள். வாசலுக்கு அகல் விளக்கே அழகாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.